வெப்மெயில் கோப்புறைக்கு 777 ஏன் வேண்டாம்: சர்வர் அனுமதிகள் வேலை செய்யும் விதம்

சொந்தமாக மெயில் சர்வர் அமைப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு கட்டத்தில் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். மெயிலை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸும், வந்த மெயிலை எடுத்துத் தரும் டவ்காட்டும் ஒழுங்காக ஓடுகின்றன. பிரவுசரிலேயே மெயில் பார்க்கலாமே என்று ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயிலையும் நிறுவியாயிற்று. திறந்து பார்த்தால் டெம்ப் என்ற தற்காலிகக் கோப்புறையில் எழுத முடியவில்லை என்று ஒரு செய்தி, இல்லையென்றால் வெறும் 403, அதாவது அனுமதி மறுப்பு. யாரிடம் கேட்டாலும் கோப்புறையின் அனுமதி எண்ணாக ‘777 போடுங்க, சரியாயிடும்’ என்கிறார்கள். போட்டதும் பெரும்பாலும் சரியாகியும் விடுகிறது. அதனாலேயே அந்த அறிவுரை இத்தனை ஆண்டுகளாகக் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

அந்த மூன்று இலக்கங்கள் யாரைப் பற்றிப் பேசுகின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. கடைசி 7 என்பது இணையத்திலிருந்து வரும் ஆளுக்கான அனுமதி என்ற எண்ணம் வேரூன்றிப் போயிருக்கிறது. அது தவறு. இந்த ஒரு முடிச்சு அவிழ்ந்துவிட்டால் மீதி எல்லாம் எளிதாகவே புரியும். லினக்ஸ் சர்வரில் ஓடும் ரவுண்ட்கியூபை வைத்தே இங்கே விளக்குகிறேன். வேறு வெப்மெயில் வைத்திருப்பவர்களுக்குக் கோப்புறைப் பெயர்கள்தான் மாறும், அடிப்படை இதேதான்.

பிரவுசரில் இருப்பவர் உள்ளே வருவதே இல்லை

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை முன்னால் உட்கார்ந்திருப்பவர் இன்னும் கொஞ்சம் சாம்பார் கேட்கிறார். அவர் எழுந்து சமையற்கட்டுக்குப் போவதில்லை. பரிமாறுகிறவர்தான் உள்ளே போய் வாளியில் எடுத்து வருகிறார். ஸ்டோர் ரூமுக்குப் பூட்டுப் போட்டால் அது பரிமாறுகிறவரைத்தான் தடுக்கும். பந்தியில் இருப்பவருக்கு அந்தப் பூட்டு இருப்பதே தெரியாது. பந்தியில் இருப்பவருக்கு எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பது பரிமாறுகிறவரிடம் தனியாகச் சொல்லிவைக்க வேண்டிய விஷயம்.

வெப் சர்வரும் இப்படித்தான். அப்பாச்சியோ எஞ்சின்எக்ஸோ ஒரு மென்பொருள்; அது ஓடும்போது அதற்குச் செயல்முறை என்று பெயர். லினக்ஸில் ஒவ்வொரு செயல்முறையும் ஏதாவது ஒரு கணக்கின் பெயரில் ஓடும். டெபியனிலும் உபுண்டுவிலும் வெப் சர்வர் ஓடும் கணக்கின் பெயர் டபிள்யூ-டபிள்யூ-டபிள்யூ-டேட்டா. ஒவ்வொரு முறையும் அதை முழுதாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பதால் இனி ‘வெப் கணக்கு’ என்று சொல்கிறேன். சென்னையிலிருந்து ஒருவர் திறந்தாலும் டொராண்டோவிலிருந்து ஒருவர் திறந்தாலும், சர்வருக்குள் கோப்பைத் தொடுவது இந்த ஒரே கணக்குதான். பிரவுசரில் இருப்பவருக்கு லினக்ஸ் பார்வையில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை.

ஆகவே கோப்பு அனுமதி என்பது வெப் கணக்கு எதைத் தொடலாம் என்ற கேள்விக்கான பதில். இணையத்தில் இருப்பவருக்கு எதைக் காட்டலாம் என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் வெப் சர்வரின் அமைப்புக் கோப்பில் இருக்கும். இரண்டு கதவு, இரண்டு சாவி. இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

அந்த மூன்று இலக்கங்கள்

ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு, ஒரு குழு உண்டு. உரிமையாளர் என்பது ஒரு கணக்கு. குழு என்பது பல கணக்குகள் சேர்ந்த ஒரு கூட்டம். இந்த இரண்டிலும் சேராத எல்லாக் கணக்குகளும் ‘மற்றவர்’. மூன்று இலக்கங்களில் முதலாவது உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்றவருக்கு.

ஒவ்வொரு இலக்கமும் ஒரு கூட்டல் கணக்கு. படிக்க 4, எழுத 2, இயக்க 1. படிக்கவும் எழுதவும் என்றால் 6. மூன்றும் என்றால் 7. ஒன்றுமே கிடையாது என்றால் 0. அப்படியென்றால் 640 என்ற கோப்பை உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். குழுவில் இருப்பவர் படிக்க மட்டும் செய்யலாம். மற்றவர் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. இந்த எண்களை மாற்றும் கட்டளை சிஎச்மோட். உரிமையாளரையும் குழுவையும் மாற்றுவது சிஎச்ஓன்.

லினக்ஸ் இதைச் சரிபார்க்கும் வரிசையும் தெரிந்திருப்பது நல்லது. நீங்கள் உரிமையாளரா என்று முதலில் பார்க்கும். ஆம் என்றால் முதல் இலக்கத்தோடு தீர்ப்பு முடிந்தது, அடுத்த இரண்டையும் பார்க்காது. உரிமையாளர் இல்லை, குழுவில் இருக்கிறீர்கள் என்றால் இரண்டாவது இலக்கம். இரண்டும் இல்லையென்றால்தான் மூன்றாவது. சர்வரின் முழு அதிகாரமும் கொண்ட ரூட் கணக்குக்கு மட்டும் இந்தச் சோதனைகள் பெரும்பாலும் பொருந்தாது. அது எல்லாக் கதவையும் தாண்டிப் போகும்.

இப்போது அந்தக் கடைசி 7-ஐப் பாருங்கள். ‘மற்றவர்’ என்பது அதே கணினியில் இருக்கும் பிற கணக்குகள். பக்கத்துத் தளத்தை ஓட்டும் கணக்கு, யாரோ ஒருவருக்கு என்றோ கொடுத்த எஃப்டிபி கணக்கு, பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டின் கணக்கு. 777 போடும்போது இவை எல்லாவற்றுக்கும் எழுதவும் அழிக்கவும் உரிமை கொடுக்கிறீர்கள். உங்களுக்குத் தேவைப்பட்டதோ ஒரே ஒரு வெப் கணக்கு, ஒரே ஒரு கோப்புறையில் எழுதுவது.

கோப்புறைக்கு இலக்கங்களின் பொருள் வேறு

இந்த இடத்தில் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள் என்பதால் கொஞ்சம் நிதானமாகப் போவோம். கோப்புறை என்பது உள்ளபடியே ஒரு பெயர்ப் பட்டியல். அதில் 4 இருந்தால் அந்தப் பட்டியலைப் படிக்கலாம், அதாவது உள்ளே என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று பார்க்கலாம். 1 இருந்தால் அதன் வழியாக உள்ளே கடந்து போகலாம். 2 இருந்தால், கூடவே 1-உம் இருந்தால், பட்டியலை மாற்றலாம்: புதுக் கோப்பு சேர்க்கலாம், பெயர் மாற்றலாம், அழிக்கலாம்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன. ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பின் அனுமதி தேவையே இல்லை. அழிப்பது என்றால் பட்டியலிலிருந்து பெயரை எடுப்பதுதான்; அதற்குக் கோப்புறையின் அனுமதி போதும். ரவுண்ட்கியூபின் அமைப்புக் கோப்பை நீங்கள் ரூட்டின் பெயரில், 640 என்று பத்திரமாக வைத்திருக்கலாம். அது இருக்கும் கோப்புறை 777 என்றால், எந்தக் கணக்கும் அதைப் பெயர் மாற்றி ஓரமாக வைத்துவிட்டு, அதே பெயரில் தன்னுடைய கோப்பை அங்கே வைத்துவிட முடியும். கோப்பில் போட்ட பூட்டு வீண்.

அடுத்தது, ஒரு கோப்பை அடைய வேர்க் கோப்புறையிலிருந்து அது வரைக்கும் உள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் அந்த 1 வேண்டும். நடுவில் ஒன்றில் இல்லையென்றாலும் வழி அடைபட்டது. உபுண்டு 21.04 முதல் புதிதாக உருவாகும் ஹோம் கோப்புறைகள் 750 ஆக வருகின்றன. மற்றவருக்கு 0. வெப்மெயிலைத் தன் ஹோம் கோப்புறைக்குள் வைத்தவர், உள்ளே இருப்பதற்கெல்லாம் 777 போட்டாலும் 403 போகாது, ஏனென்றால் அடைப்பு மேலே இருக்கிறது. இதற்கென்றே நேம்ஐ என்று ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. அதற்கு எல் என்ற விருப்பத்தையும் முழுப் பாதையையும் கொடுத்தால், வேரிலிருந்து ஒவ்வொரு படியின் உரிமையாளர், குழு, அனுமதி எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும். இதைவிடப் பயனுள்ள கட்டளை இந்த வேலைக்கு வேறு இல்லை என்பேன். ஆனாலும் பலர் இதைக் கேள்விப்பட்டிருப்பதில்லை.

இதுவரை பார்த்தது: சர்வருக்குள் கோப்பைத் தொடுவது வெப் கணக்கு. மூன்று இலக்கங்களும் கணினியில் இருக்கும் கணக்குகளைப் பற்றியவை. கோப்புறையில் எழுதும் உரிமை என்றால் அழிக்கும் உரிமையும் சேர்ந்தே வருகிறது.

வெப் சர்வரின் கதவு

பரிமாறுகிறவரால் எடுக்க முடிந்ததெல்லாம் பந்திக்கு வந்துவிடக் கூடாது. நடந்ததையும் பிழைகளையும் குறித்துவைக்கும் பதிவுதான் லாக். ரவுண்ட்கியூபின் லாக் கோப்புறையில் வெப் கணக்கு எழுதியாக வேண்டும். அதை பிரவுசரில் யாரும் பார்க்கக் கூடாது. இதைக் கோப்பு அனுமதியால் செய்ய முடியாது. வெப் சர்வரிடம்தான் ‘இந்தப் பாதையை யாருக்கும் கொடுக்காதே’ என்று சொல்ல வேண்டும்.

ரவுண்ட்கியூப் இதற்காகத் தன்னோடு எச்டிஅக்சஸ் என்ற கோப்பைக் கொண்டு வருகிறது. கான்ஃபிக், டெம்ப், லாக்ஸ் போன்ற கோப்புறைகளைக் கேட்டால் மறுத்துவிடு என்ற விதி அதில் இருக்கிறது. ஆனால் இதை நம்பி நிம்மதியாக இருந்துவிட முடியாது. எஞ்சின்எக்ஸ் இந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. அப்பாச்சி 2.4-உம், நீங்கள் அமைப்பில் வெளிப்படையாக அனுமதிக்காத வரை இதைக் கண்டுகொள்ளாது. விதி எழுதியிருக்கிறது, ஆனால் யாரும் வாசிக்கவில்லை என்ற நிலை. அப்படிப்பட்ட சர்வரில் தளத்தின் முகவரிக்குப் பின்னால் லாக்ஸ் கோப்புறையையும் பிழைக் கோப்பின் பெயரையும் தட்டினால், முழு லாகும் பிரவுசரில் விரியும்.

ரவுண்ட்கியூபின் அமைப்புக் கோப்பின் கதை இன்னும் நுட்பமானது. அது பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய கோப்பு என்பதால், யாராவது நேரடியாகக் கேட்டாலும் சர்வர் அதை இயக்கும், உள்ளடக்கத்தைக் காட்டாது. வெற்றுப் பக்கம் வரும். ஆனால் மாற்றம் செய்வதற்கு முன் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் பேக் என்று ஒட்டி அங்கேயே விட்டுவிடுவோம் இல்லையா? அந்த நகல் பிஎச்பி கோப்பாகக் கருதப்படாது. கேட்பவருக்கு அப்படியே எழுத்தாகப் போகும், தரவுத்தள பாஸ்வேர்டோடு சேர்த்து.

இதற்கெல்லாம் ஒரே அடியாகத் தீர்வு, ரவுண்ட்கியூபுக்குள் இருக்கும் பப்ளிக் எச்டிஎம்எல் என்ற உள்கோப்புறையை மட்டும் வெப் சர்வருக்குக் காட்டுவது. வெப் ரூட் என்பது சர்வர் வெளியே கொடுக்கத் தொடங்கும் கோப்புறை. அதை அந்த உள்கோப்புறையாக வைத்துவிட்டால் கான்ஃபிக், டெம்ப், லாக்ஸ் மூன்றும் அதற்கு வெளியே நின்றுவிடும். மறுக்க வேண்டிய முகவரியே இல்லாமல் போகிறது. விதி எழுதிக் காப்பதைவிட எட்டாத இடத்தில் வைப்பது மேல். விதி ஒருநாள் மாறலாம், யாராவது தெரியாமல் அழிக்கலாம்.

மெயில்கள் இந்தக் கோப்புறையில் இல்லை

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ரவுண்ட்கியூப் மெயில்களைக் கோப்பாகத் திறந்து படிக்கிறது என்று நினைத்து, மெயில் சேமிக்கும் கோப்புறைக்கே வெப் கணக்கை உள்ளே விடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிலர் அதற்கும் 777. இதைவிட ஆபத்தான காரியம் ஒரு மெயில் சர்வரில் அரிது.

உண்மையில் ரவுண்ட்கியூப் ஒரு மெயில் கிளையன்ட், அதாவது உங்கள் போனில் இருக்கும் மெயில் செயலி போல. ஐமேப் என்ற நெறிமுறை வழியாக டவ்காட்டிடம் கேட்கிறது, பயனரின் பாஸ்வேர்டைக் கொடுக்கிறது, டவ்காட் மெயிலை எடுத்துத் தருகிறது. 143 அல்லது 993 என்ற போர்ட்டில் இந்தப் பேச்சு நடக்கும். மெயில் கோப்புகளைத் தொடுவது டவ்காட் மட்டும், அதுவும் பெரும்பாலும் வீமெயில் என்ற பெயரில் வைத்திருக்கும் தனிக் கணக்கில். வெப் கணக்குக்கு அந்தப் பக்கம் எந்த வேலையும் இல்லை. வீமெயில் கோப்புறைக்கு 700 அல்லது 770 போதும். கடைசி இலக்கம் 0 ஆகவே இருக்கட்டும்.

டவ்காட்டுக்கு அனுமதிச் சிக்கல் வந்தால் அதன் லாக் மிக அழகாகச் சொல்லும்: எந்தக் கணக்கில் ஓடியது, எந்தக் கோப்புறையில், எந்த அனுமதி குறைகிறது என்று ஒரே வரியில். அந்த வரியைப் படித்தவர் 777 பக்கம் போக வேண்டிய அவசியமே இல்லை.

எதற்கு எவ்வளவு

ரவுண்ட்கியூபின் நிரல் கோப்புகள், அதாவது கோடு, ரூட்டின் பெயரில் இருக்கட்டும். கோப்புறைகள் 755, கோப்புகள் 644. வெப் கணக்கு இவற்றைப் படித்தால் போதும், எழுதத் தேவையில்லை. பிரவுசர் வழியாகத் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் மென்பொருள் இல்லை ரவுண்ட்கியூப். புதுப்பிப்பதை நிர்வாகி கட்டளை வரியில் செய்கிறார்.

எல்லாவற்றையும் வெப் கணக்கின் பெயருக்கே மாற்றிவிட்டு, 444 என்று படிக்க மட்டும் விட்டால் ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். ஆகாது. உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் சிஎச்மோட் போட்டுத் தன் அனுமதியைத் தானே மாற்றிக்கொள்ளலாம். பூட்டியவரிடமே சாவி இருக்கிறது. அதனால்தான் உரிமையாளர் யார் என்பது இலக்கங்களைவிட முக்கியம்.

அமைப்புக் கோப்புக்கு உரிமையாளர் ரூட், குழு வெப் கணக்கின் குழு, அனுமதி 640. தரவுத்தள பாஸ்வேர்டும், பயனர்கள் லாகின் செய்திருக்கும் வரை அவர்களின் பாஸ்வேர்டை மறைத்து வைக்கப் பயன்படும் டெஸ் கீ என்ற ரகசியச் சாவியும் இதில் இருக்கின்றன. மற்றவருக்கு 4 கொடுத்தால், அதே சர்வரில் இருக்கும் எந்தக் கணக்கும் இரண்டையும் படிக்கலாம்.

டெம்ப், லாக்ஸ் இரண்டும் வெப் கணக்கின் பெயரில், 750. எழுதும் உரிமை தேவைப்படுவது இந்த இரண்டுக்குத்தான். மெயில் எழுதும்போது இணைக்கும் கோப்புகள் அனுப்பும் வரை டெம்பில்தான் தங்கும் என்பதால் அது சாதாரணக் குப்பைக் கோப்புறை இல்லை; யாரோ ஒருவருடைய மருத்துவ அறிக்கையோ நிலப் பத்திரமோ அந்த நேரத்தில் அங்கே இருக்கலாம். நிறுவல் முடிந்ததும், நிறுவுவதற்கு உதவிய இன்ஸ்டாலர் பக்கத்தை முடக்கி நீக்கிவிட வேண்டும், இதில் மறுபேச்சு இல்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. பிஎச்பியை எஃப்பிஎம் முறையில், அதாவது வெப் சர்வருக்கு வெளியே தனிச் செயல்முறையாக ஓட்டினால், நிரலை இயக்குவது வெப் சர்வரின் கணக்கு இல்லாமல் எஃப்பிஎம்மின் கணக்காக இருக்கலாம். ரெட் ஹேட் வகைச் சர்வர்களில் எஞ்சின்எக்ஸ் அதன் பெயரிலேயே உள்ள கணக்கிலும், எஃப்பிஎம் அப்பாச்சி என்ற கணக்கிலும் ஓடுவது வழக்கம். அங்கே டெம்ப் கோப்புறை எஃப்பிஎம்மின் கணக்குக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். எது எந்தக் கணக்கில் ஓடுகிறது என்பதை, ஓடும் செயல்முறைகளைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சுருக்கமாக: கோடு ரூட்டுக்கு, ரகசியம் 640, எழுதுவது டெம்பிலும் லாக்ஸிலும் மட்டும், மெயில் கோப்புகள் டவ்காட்டுக்கு மட்டும்.

403 ஒன்று, காரணம் மூன்று

பிரவுசரில் எல்லாம் ஒரே 403தான். அப்பாச்சியின் பிழை லாகைத் திறந்தால் கதை பிரிந்து தெரியும். பாதையில் ஏதோ ஒரு கோப்புறையில் கடந்துபோகும் அனுமதி இல்லை என்றால் 13 என்ற பிழை எண்ணோடு ஏஎச்00035 என்ற குறியீடு வரும். இது முதல் கதவு, கோப்பு அனுமதி. நேம்ஐ போட்டுப் பாருங்கள். ஏஎச்01630 என்று இருந்தால் அமைப்பு விதி மறுத்திருக்கிறது, இரண்டாவது கதவு. இதற்கு எத்தனை சிஎச்மோட் போட்டாலும் ஒன்றும் ஆகாது. ஏஎச்01276 என்றால் கோப்புறையைத் திறக்கச் சொல்லியிருக்கிறீர்கள், உள்ளே தொடக்கப் பக்கம் இல்லை, பட்டியலைக் காட்டவும் அனுமதி இல்லை. பெரும்பாலும் வெப் ரூட்டைத் தவறான இடத்துக்குக் காட்டியிருப்பதால் வருவது. அது அனுமதிச் சிக்கலே கிடையாது.

ரெட் ஹேட் வகைச் சர்வரில் எல்லா இலக்கமும் சரியாக இருந்தும் மறுப்பு வந்தால் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் காவலைச் சந்தேகியுங்கள். அது தனிப் பாடம்.

அளவாகத் திறப்பதால் என்ன லாபம்

2025 ஜூனில் ரவுண்ட்கியூபில் ஒரு பெரிய ஓட்டை அடைக்கப்பட்டது, 1.5.10, 1.6.11 பதிப்புகளில் திருத்தம் வந்தது. ஏதாவது ஒரு மெயில் கணக்கின் பாஸ்வேர்ட் கையில் இருந்தால், சர்வரிலேயே தன் கட்டளையை ஓட வைக்கலாம் என்ற அளவுக்கு மோசமான ஓட்டை. அப்படி ஒருவர் உள்ளே நுழைந்தால் அவர் கையில் இருப்பது வெப் கணக்கின் அதிகாரம். கோடு ரூட்டின் பெயரில் இருந்தால் அவரால் அதைத் திருத்த முடியாது. டெம்பில் ஒரு பிஎச்பி கோப்பை எழுதினாலும், டெம்ப் வெப் ரூட்டுக்கு வெளியே இருப்பதால் அதை பிரவுசரில் கூப்பிட முடியாது. அமைப்புக் கோப்பை அவர் படித்துவிடலாம், அதை அனுமதியால் தடுக்க முடியாது. ஆனால் வெப் கணக்குக்கு நேரடியாகத் திறந்திருக்காததால் மெயில் கோப்புகள் ஒட்டுமொத்தமாக அவர் கைக்குப் போவதில்லை. ரவுண்ட்கியூப் முழுவதற்கும் 777 போட்ட சர்வரில் கோடைத் திருத்தவோ வெப் ரூட்டுக்குள்ளேயே கோப்பு எழுதவோ தடை இருக்காது; மெயில் கோப்புறைக்கும் 777 என்றால் மெயில்களுக்கும் தடை இருக்காது.

எதிர்ப்பக்க உதாரணம் மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச். 2021 மார்ச்சில் வெளிவந்த ப்ராக்ஸிலாகன் ஓட்டைகள் வழியாக நுழைந்தவர்கள், இணையத்திலிருந்து எட்டக்கூடிய கோப்புறைகளில் வெப்ஷெல் என்ற பின்கதவு நிரல்களை எழுதிவைத்தார்கள். எக்ஸ்சேஞ்சின் வெப் செயல்முறைகள் விண்டோஸின் மிக உயர்ந்த சிஸ்டம் அதிகாரத்தில் ஓடியதால் எந்தக் கோப்புறையின் அனுமதியும் அவர்களைத் தடுக்கவில்லை. திருத்தத்தைப் போட்ட பிறகும், ஏற்கெனவே எழுதப்பட்ட வெப்ஷெல்கள் அங்கேயே இருந்தன; அவற்றைத் தேடி அழிப்பது தனி வேலையாயிற்று.

ஏற்கெனவே 777 போட்டிருந்தால்

பதறி மொத்தமாக 755 என்று ஒரே கட்டளையில் மாற்ற வேண்டாம். அப்போது எல்லாக் கோப்புகளுக்கும் தேவையில்லாத இயக்க அனுமதி ஒட்டிக்கொள்ளும், அமைப்புக் கோப்பும் எல்லோரும் படிக்கும்படி ஆகிவிடும். முதலில் சிஎச்ஓன் மூலம் எல்லாவற்றையும் ரூட்டின் பெயருக்கு மாற்றுங்கள். அப்புறம் ஃபைண்ட் கட்டளையால் கோப்புறைகளையும் கோப்புகளையும் தனித்தனியாகப் பிரித்து, முன்னதற்கு 755, பின்னதற்கு 644 கொடுங்கள். ரவுண்ட்கியூபின் ‘பின்’ (bin) என்ற கோப்புறையில் இருக்கும் ஸ்கிரிப்டுகளுக்கு மட்டும் இயக்க அனுமதியைத் திரும்பக் கொடுங்கள். கடைசியாக டெம்ப், லாக்ஸ், அமைப்புக் கோப்பு மூன்றுக்கும் மேலே சொன்னபடி உரிமையாளர், குழு, அனுமதி மூன்றையும் வையுங்கள்.

அதோடு, கதவு திறந்து கிடந்த நாட்களில் யாராவது எதையாவது வைத்துவிட்டுப் போனார்களா என்றும் பார்க்க வேண்டும். அதே பதிப்பை அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து புதிதாக இறக்கி, உங்கள் கோப்புறையோடு டிஃப் போட்டு ஒப்பிடுங்கள். டெம்பிலோ லாக்ஸிலோ ஒரு பிஎச்பி கோப்பு இருந்தால் அது அங்கே இருக்க வேண்டிய பொருள் இல்லை. சர்வரில் வேறு கணக்குகளும் இருந்திருந்தால் தரவுத்தள பாஸ்வேர்டையும் டெஸ் கீயையும் மாற்றிவிடுங்கள். டெஸ் கீ மாறியதும் அப்போது வெப்மெயிலைத் திறந்து வைத்திருப்பவர்கள் மறுபடி ஒருமுறை லாகின் செய்ய வேண்டியிருக்கும், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இரவு நேரத்தில் மாற்றுங்கள்.